ஒரே பணம், இரண்டு வகுத்தல்

எங்கள் தொழிற்சங்கக் கிளையின் கையிருப்பு நான்கு லட்சத்தைத் தாண்டிய வாரம் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு டீயோடு போண்டாவும் சொன்னோம். 2018 ஜனவரி. பதினோரு பேருக்கு 220 ரூபாய் ஆனது. வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வங்கியில் எஃப்.டி.யாக 4,00,000, சேமிப்புக் கணக்கில் 12,000. 1986இல் மாதம் ஒரு ரூபாய் சந்தாவில் ஆரம்பித்த சங்கம் அது. "இனி மேனேஜ்மென்ட்ல கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசுவாங்க" என்றார் தலைவர். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது, எனக்கும்.

ராத்திரி வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு வகுத்தல் போட்டேன். உறுப்பினர்கள் 132 பேர். தலைக்கு 3,121 ரூபாய் வருகிறது. வேலைநிறுத்தம் என்று இறங்கிவிட்டால் ஒரு வீட்டுக்கு அரிசி, பால், காய், காஸ் என்று நாளைக்கு 300 ரூபாயாவது வேண்டும். வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், மகளிர் குழுத் தவணை எதையும் இதில் சேர்க்கவில்லை. பத்து நாள் வந்தது. முப்பத்திரண்டு வருடம் ரசீது கிழித்துச் சேர்த்த பணம், பத்தே நாள். கொஞ்ச காலம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கு வார்ப்பும் மெஷினிங்கும் செய்கிற ஆலை எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷன். மைக்ரோமீட்டர் பிடிக்கிறவன் கணக்கிலும் பிசகமாட்டான் என்று யாரோ சொல்ல, 2011இல் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் அந்த நோட்டு என் கையில் இருந்தது.

அதில் என்னதான் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சந்தா மாதம் 50 ரூபாய். எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்தால் வருடத்துக்கு 79,200. அதில் கால் பங்கு, 19,800, மாவட்டச் சங்கத்துக்கு. ஆபீஸ் வாடகை மாதம் 2,500. ஆபீஸ் என்றால் சைக்கிள் கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, இரண்டு பெஞ்சு, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ. கரண்ட், டீ, பேப்பர், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்து மாதம் ஆயிரம். மே தினக் கொடி, தோரணம், மைக்செட் 6,000. ஆடிட்டருக்கும் தொழிற்சங்கப் பதிவாளரிடம் வருடாந்திரக் கணக்கு கட்டுவதற்கும் 3,000. உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் 5,000, வருடத்துக்கு ஒன்று வந்தே தீரும். ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையம் போய்வர வேன் வாடகையும் மாலையும் 2,400. 1946இல் அதே தேதியில்தான் நான்கு மில் தொழிலாளர்களைத் தூக்கில் போட்டார்கள். அந்தச் செலவை வெட்டலாம் என்று இதுவரை ஒருத்தரும் வாயெடுத்ததில்லை.

கூட்டிக் கழித்தால் வருடத்துக்கு மிச்சம் ஆயிரம் ரூபாய். சில வருடம் அதுவும் இருக்காது.

அப்புறம் நான்கு லட்சம் எப்படி வந்தது? லெவியில் வந்தது. 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச அதிகாரி முன்னால் போடும் சம்பள ஒப்பந்தம், கையெழுத்தாகி அரியர்ஸ் மொத்தமாக வரும் நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவோம். 2007இல் 300, 2011இல் 700, 2015இல் ஆயிரம். அன்றைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கையிலும் காசு இருக்கும், மனசும் நிறைந்திருக்கும். ஒரு வாரம் தள்ளிப் போனால் அந்தக் காசு ஃப்ரிட்ஜாக மாறிவிடும். ஆகவே அரியர்ஸ் வரும் அன்று சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ரசீது புக்கோடு கேட்டில் நிற்பேன்.

மிச்சத்தை வட்டி பார்த்துக்கொண்டது. நான்கு லட்சத்துக்கு 6.75 சதவீதத்தில் வருடம் 27,000. 45 பேர் கட்டும் சந்தாவுக்குச் சமம். எங்கள் சங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 45 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கேட் மீட்டிங்குக்கு மட்டும் வர மாட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு. பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்கு அந்த வட்டிக்கு வருமானவரி கிடையாது, அப்போதிருந்த 1961ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 10(24). வங்கியில் ஒவ்வொரு புது அதிகாரிக்கும் இதை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்ததால் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் என் பையிலேயே கிடந்தது.

சந்தாவையே கூட்டலாமே என்று கேட்பார்கள். 2001 திருத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கச் சட்டம் சொன்ன குறைந்தபட்சச் சந்தா ஆலைத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 12 ரூபாய். அதற்கு முன்னால் மாதம் 25 பைசா. சட்டமே நம்மை அந்த உயரத்தில்தான் பார்த்தது. அமெரிக்காவில் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 2023இல் ஸ்டிரைக்கில் இறங்கியபோது அதன் ஸ்டிரைக் நிதி 82.5 கோடி டாலர், ஆளுக்கு வாரம் 500 டாலர் கொடுத்தார்கள். அங்கே அப்போது மாதச் சந்தாவே இரண்டரை மணி நேரக் கூலி. அந்தக் கணக்கில் எங்கள் ஆட்களிடம் இருநூறாவது கேட்க வேண்டும். கேட்ட மறுநாள் அடுத்த கொடிக்காரர்கள் "எங்ககிட்ட முப்பது ரூபாதானுங்க" என்று கேட்டில் வந்து நிற்பார்கள். ஒரே ஆலையில் இரண்டு மூன்று சங்கம் இருக்கிற ஊரில் சந்தாவின் உச்சவரம்பைப் போட்டிக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துத் தருவதாக நிர்வாகம் ஒருமுறை சொன்னது. தொழிலாளி எழுதிக் கொடுத்தால் சட்டப்படி பிடிக்கலாம். எனக்கு வேலை மிச்சம். ஆனாலும் நான்தான் வேண்டாம் என்றேன். உறுப்பினர் பட்டியல் முழுதாக அவர்கள் மேஜைக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஏழாம் தேதி சம்பளம் போட்ட பிறகு ஆள் ஆளாகப் போய் ஐம்பது ரூபாய் வாங்கும்போதுதான் யார் வீட்டில் என்ன, யாருக்கு யார்மேல் கோபம், எந்த செக்ஷனில் மேஸ்திரி எகிறுகிறார் என்பதெல்லாம் என் காதுக்கு வரும். பணமதிப்பிழப்பு வந்தபோது இதற்கும் ஒரு விலை கொடுத்தேன். 2016 நவம்பர் 8 இரவு பீரோவில் ஐநூறு ரூபாய் நோட்டாக 31,000 இருந்தது. அதைக் கட்டி முடிக்க மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் போனது.

இந்த இடத்தில் லேத் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் பார்க்கலாம், அப்போதிருந்த 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. எங்கள் கிளையின் வரலாற்றில் அந்த உரிமையைப் பயன்படுத்திய ஒரே மனிதர் அவர். ஊர்வலத்துக்கு வர மாட்டார், கொடி பிடிக்க மாட்டார். ஆனால் வருடா வருடம் பிப்ரவரியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வவுச்சர் வவுச்சராகப் புரட்டுவார். "ஏனுங்க தம்பி, அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்தது ஒம்பது பேரு. டீ பதினொண்ணு எழுதியிருக்குது?" மைக்செட்காரருக்கும் அவர் பையனுக்கும் கொடுத்தோம் என்பேன். "அப்ப அதை எழுதோணும்ல" என்பார். முதல் இரண்டு வருடம் எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் கேட்கப்போகும் கேள்வியை நினைத்துக்கொண்டே வவுச்சர் எழுதப் பழகிவிட்டேன். ஆடிட்டர் எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு பிரச்சினையும் வைத்ததில்லை என்றால் அதற்கு இவர்தான் காரணம்.

பத்து நாள் கணக்குக்கு வருகிறேன். அந்த வகுத்தலுக்குப் பிறகு எனக்குள் ஒரு அவநம்பிக்கை. ஸ்டிரைக்குக்கு என்றுதானே சேர்க்கிறோம்? அதிலும் முறைப்படி நோட்டீஸ் கொடுக்காமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு நாள் வெளியே நின்றால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஊதியம் வழங்கல் சட்டம் இடம் கொடுத்தது. ஆளுக்கு எட்டு நாள் போனால் எங்கள் கையிருப்பு அதை ஈடுகட்டக்கூடக் காணாது. பம்பாயில் 1982 ஜனவரி 18இல் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக இன்றுவரை யாரும் முறையாக அறிவிக்கவில்லை, மில்கள்தான் முடிந்துபோயின. அவ்வளவு பேருக்கு எந்த நிதி போதும்?

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த ஸ்டிரைக் எதுவும் சங்கத்தின் எஃப்.டி.யில் ஓடியதில்லை. பக்கத்து ஆலை கேட்டில் குலுக்கிய உண்டியலில் ஓடியது. மளிகைக்கடைக் கடன் நோட்டில் ஓடியது. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகையில் ஓடியது, அதை எந்தச் சங்கக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நின்றார்களே, அப்போது அந்தச் சங்கத்துக்குப் பதிவுகூட கிடைத்திருக்கவில்லை.

சரி, பின்னே கையிருப்பு எதற்கு? 2018 ஜூனில் அது தெரிய ஆரம்பித்தது.

ஃபவுண்டரியில் இரண்டு பேர் உலோகம் ஊற்ற மறுத்தார்கள். உருக்கிய இரும்பைத் தூக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி விரிந்திருந்தது. மாற்றினால் ஊற்றுகிறோம் என்றார்கள். சங்கிலி அடுத்த வாரமே மாறியது, ஆனால் இவர்கள் இருவரும் அன்றைக்கே சஸ்பெண்ட். விசாரணை நடந்தது, டிசம்பரில் டிஸ்மிஸ். சஸ்பென்ஷனில் இருக்கும்வரை பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்குப் பிறகு முழுச் சம்பளம். டிஸ்மிஸ் ஆன அன்று அது நின்றுவிடும். அதற்கப்புறம் சமரச அதிகாரி, 45 நாள் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றம், வாய்தா. நான்கு வருடத்துக்குக் குறைந்து முடிந்த வழக்கை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. வக்கீல் தோழர் இரண்டு வழக்குக்கும் சேர்த்து 30,000 ரூபாய் கேட்டார், அது அவருக்கு ஜெராக்ஸுக்கும் பெட்ரோலுக்குமே காணாது. பிரச்சினை வக்கீல் செலவு இல்லை. நான்கு வருடம் அந்த இரண்டு வீட்டிலும் அடுப்பு எப்படி எரியும் என்பதுதான். பெரும்பாலானவர்கள் தோற்பது நீதிமன்றத்தில் இல்லை. ஒரு வருடம் போனதும் கடன்காரர் வாசலுக்கு வருவார், கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அது நிர்வாகத்துக்கும் தெரியும்.

2019 பிப்ரவரியில் பொதுக்குழு. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அரை நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். கையிருப்பிலிருந்து ஆளுக்கு மாதம் 6,000 கொடுப்பது என்று நிர்வாகக் குழுவின் தீர்மானம். தொழில் தகராறால் வரும் இழப்புக்கும் வேலையின்மைக்கும் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே இருந்தது. படித்துக் காட்டினேன். யாருக்கும் சட்டம் வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு பேருக்காக நூத்திமுப்பது பேரு காசா?" என்று ஒரு குரல். "நாளைக்கு போனஸ் பிரச்சினை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று இன்னொன்று. அந்த இரண்டு பேரும் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அன்று அழைத்திருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

லேத் அண்ணன் எழுந்தார். பொதுக்குழுவில் அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. "வருசத்துக்கு ஒண்ணே முக்கால் அளவு ஆகுமுங்க" என்று ஆரம்பித்தார். 1,44,000 என்று நான் திருத்தினேன். "சரி. மூணு வருசத்துல பீரோ காலி. கேசு நாலு வருசம் ஓடும். அப்ப நாலாவது வருசம் சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?" கூடத்தில் சத்தம் அடங்கியது. "எஃப்.டி.யில கை வைக்கக் கூடாதுங்க. வேணும்னா ஆளுக்கு மாசம் அம்பது ரூபா கூடக் குடுங்க. குடுப்பீங்களா?"

அவர் அதைச் சவாலாகத்தான் கேட்டார். யாரும் கொடுக்க மாட்டார்கள், தீர்மானம் அதோடு விழுந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார் என்பது என் சந்தேகம். அவரிடமே ஒருமுறை கேட்டேன், பதில் சொல்லாமல் சிரித்தார். ஆனால் பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒருத்தர் கை தூக்கினார். பிறகு அந்த வரிசை முழுக்க.

ஆளுக்கு 6,000 என்றிருந்ததை 4,000 ஆக்கினோம். இரண்டு பேருக்கு 8,000. மீதி 130 பேரின் லெவி 6,500. மாதம் 1,500தான் துண்டு விழும், அதைக் கையிருப்பு தாங்கும். அன்று இரவு மறுபடியும் ஒரு வகுத்தல் போட்டேன். 4,12,000ஐ 1,500ஆல் வகுத்தால் 274 மாதம். ஏறக்குறைய இருபத்து மூன்று வருடம். அதற்குள் இரண்டு பேரில் மூத்தவர் ரிட்டயர் ஆகிப் பென்ஷனே வாங்க ஆரம்பித்துவிடுவார்.

நான் அறிந்தவரை ஒரு சின்னக் கிளையின் கையிருப்புக்கு இதுதான் வேலை. 132 பேரைப் பத்து நாள் நிறுத்த அதனால் முடியாது. இரண்டு பேரை வருடக்கணக்கில் நிறுத்த முடியும். அதிலும் அந்தப் பணம் நேரடியாகச் செலவானது கொஞ்சம்தான். ஒரு மாதம் வசூல் குறைந்தாலும் பத்தாம் தேதி அந்த இரண்டு வீட்டுக்கும் பணம் போய்ச் சேரும் என்ற தைரியம் இருந்ததால்தான் மற்றவர்கள் லெவி கொடுத்தார்கள். ஜாமீன் கையெழுத்து மாதிரி. ஜாமீன் போட்டவர் வசதியானவர் என்றால் கடன்காரர் அவரிடம் போகவே தேவையிருக்காது.

தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததே ஒரு பணக் கதையில்தான். 1918இல் சென்னையில் பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருக்க மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பக்கிங்காம் கர்னாடிக் மில் தகராறில் அந்த மில்லை நடத்திய பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவும் வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. சங்கம் நடத்தினால் சொத்து போய்விடும் என்கிற நிலை. அந்த வழக்குதான் 1926இல் சட்டம் வருவதற்கும், அதில் தொழில் தகராறு காரணமாகச் சங்கத்தின்மேல் சிவில் வழக்குப் போட முடியாது என்ற 18ஆம் பிரிவு வருவதற்கும் வழிவிட்டது. இப்போது அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. என் பையிலிருந்த ஜெராக்ஸ்களில் பாதி இனி பழைய பேப்பர்.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் நின்றது. ஆலை மூடல், பஸ் இல்லை, வசூல் பூஜ்யம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் 8,000 ரூபாயும் முழுசாகக் கையிருப்பிலிருந்தே போனது. அதே சமயம் கேன்டீன், துப்புரவு வேலையில் இருந்த 18 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு காண்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். அவர்கள் எங்கள் உறுப்பினர்கள் இல்லை. இத்தனை வருடம் அவர்களைச் சேர்க்கவும் நாங்கள் மெனக்கெட்டதில்லை, அது எங்கள் தப்பு. ஆளுக்கு ஒரு 25 கிலோ அரிசி மூட்டை, 21,600 ரூபாய். போனிலேயே நிர்வாகக் குழு நடத்தி முடிவு செய்து மினிட்ஸ் நோட்டில் பின்னால் எழுதினோம். வசூல் திரும்பவும் ஆரம்பித்தபோது பலர் ஜி-பே செய்கிறேன் என்றார்கள். என் சொந்த நம்பருக்கு வாங்கினேன். ஆடிட்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நிறுத்துங்க." சங்கக் கணக்குக்கே க்யூஆர் அட்டை வாங்கி ரசீது புக்கின் பின்னட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

ஆளும் குறைந்துகொண்டே வந்தது. ரிட்டயர் ஆன இடத்தில் பயிற்சியாளர், ஒப்பந்தம் என்றுதான் எடுத்தார்கள். நிரந்தரம் யாரும் வரவில்லை. 118 ஆனோம், துண்டு 2,200 ஆனது. 2019இல் வரவேண்டிய சம்பள ஒப்பந்தம் 2022இல்தான் வந்தது. மூன்று வருடமாக மாதாமாதம் கொடுத்துவந்தவர்களிடம் ஆயிரம் கேட்க வாய் வரவில்லை, ஐநூறு வாங்கினோம்.

2022 நவம்பரில் தீர்ப்பு. இருவருக்கும் மீண்டும் வேலை, வெளியே இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம். நிர்வாகம் உயர் நீதிமன்றம் போகப் பார்த்தது, பிறகு பேச்சுக்கு வந்தது. சின்னவர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விலகி வெல்டிங் பட்டறை போட்டுக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மூத்தவர் 2023 ஏப்ரலில் கேட்டுக்குள் போனார்.

மே மாதம் முதல் சம்பளம் வாங்கியதும் ஆபீஸுக்கு வந்து 2,550 ரூபாயை மேஜையில் வைத்தார். 2019 ஜனவரியிலிருந்து 51 மாதச் சந்தாவாம். வேலையில் இல்லாத காலத்துக்குச் சந்தா கிடையாதுங்க, விதியிலேயே விலக்கு இருக்கிறது என்றேன். "சந்தா கட்டாதவன் எப்படிங்க உறுப்பினர்? உறுப்பினர் இல்லாதவனுக்கா அத்தனை மாசம் குடுத்தீங்க?" என்றார். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். நன்கொடை என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். சந்தா என்று எழுதினால் பிப்ரவரியில் லேத் அண்ணன் கேட்பார். "விடுபட்ட சந்தா, உறுப்பினரின் விருப்பப்படி" என்று எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன்.

ஜூனில் நோட்டை ஒப்படைத்தேன். புதுப் பொருளாளர் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிற பெண், எங்கள் கிளையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். உறுப்பினர் 109, கையிருப்பு 3,68,000. பீரோ சாவி, செக் புக், க்யூஆர் அட்டை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு டீ சொன்னேன். அவர் போனை எடுத்து ஏதோ தட்டினார்.

"அண்ணா, ஒரு வீட்டுக்கு நாளைக்கு நானூறுன்னு வெச்சா இது எட்டு நாளைக்குத்தான் வருது."

ஆமாம், அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் நீளமாகச் சொல்ல வேண்டும், இன்னொரு நாள் உட்காரலாம் என்றேன். அந்த நாள் வருவதற்குள் அவரிடமிருந்து போன் வந்தது. லேத் அண்ணன் பிப்ரவரி வரை காத்திருக்கவில்லையாம். கணக்கு கைமாறியிருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். சாவி ஒப்படைத்த அன்று இரண்டு டீ குடித்தோமே, அதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்கிறாராம்.